செவிவழிச் சொத்து: நாம் கேட்கும் பாடல்களும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியமும்

“இப்ப என்ன பாட்டுக் கேக்கிறியள்?” என்று இளம் பிள்ளைகள் ஒருவரையொருவர் சர்வ சாதாரணமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். பதிலுக்குப் பாட்டையே கைப்பேசியில் அனுப்பிவிடுகிறார்கள். நாற்பதைத் தாண்டிய எங்களைப் போன்றவர்கள், அதிலும் முஸ்லிம் பெண்கள், இந்தக் கேள்விக்கு நேரே பதில் சொல்வது குறைவு. “நான் அப்பிடி ஒண்டும் கேக்கிறேல்ல” என்று சொல்லி ஒதுங்கிவிடுவோம். பாட்டுக் கேட்பது வேலையில்லாதவர் வேலை என்ற எண்ணம் ஒருபுறம். மார்க்கத்தில் இதற்கு இடமுண்டோ என்ற தயக்கம் மறுபுறம்.

இந்த மௌனத்தால் எமக்கு வரும் நட்டம் பெரியது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதி வாயாற் பாடுவதற்கும் செவியாற் கேட்பதற்கும் என்றே செய்யப்பட்டது. மாலை, கண்ணி, முனாஜாத்து, ஏசல், கிஸ்ஸா, நாமா, படைப்போர், மசலா என்று வகைபிரித்துப் பரீட்சைக்கு மனனம் செய்கிறோம். இவற்றில் ஒன்றையாவது பாடிக் கேட்ட மாணவர் எத்தனை பேர்? கேட்பவர் இல்லாமற் போனால் நூல் அலுமாரியில் இருக்கும், இலக்கியம் இராது. ஆகவே நான் இப்பொழுது எவற்றைக் கேட்கிறேன், ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லி, அதன் வழியாகவே இந்த விடயத்தை விளக்கலாம் என்று நினைக்கிறேன்.

தீவுகளில் கேட்கும் ஓசை

நான் தமிழ் படிப்பிப்பது ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று பஸ் போகும். பஸ்ஸில் ஓடுகிற சினிமாப் பாட்டைக் கேட்பதா விடுவதா என்ற தெரிவு பயணிக்குக் கிடையாது. தீவுகளிலும் ஓசை அப்படித்தான். நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோயில், நாக விகாரை, பள்ளிவாசல் மூன்றும் ஒரே சிறு தீவில் இருக்கின்றன. நாதஸ்வரமும் பிரித் ஓதலும் பாங்கும் ஒரே காற்றில் வருகின்றன. அங்கு வளர்ந்த முஸ்லிம் பிள்ளைக்குத் தவிலின் நடை தெரியும், இந்துப் பிள்ளைக்குப் பாங்கின் இழுப்புத் தெரியும். ஒருவரும் படிப்பித்ததில்லை.

ஊர்காவற்றுறைப் பகுதியில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தனிநாயகம் அடிகள் பிறந்த கரம்பன் இங்கேதான் இருக்கிறது. மெலிஞ்சிமுனை போன்ற கத்தோலிக்கக் கிராமங்களில் நாட்டுக்கூத்துப் பாட்டு இன்னும் வாயில் இருக்கிறது. புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் கவிதையைப் பாடிக் காட்டுவதில் பெயர் பெற்றவர். சனம் இடம்பெயர்ந்து வெறிச்சோடிய தீவுக் கிராமத்தைக் ‘காற்றுவெளிக் கிராமம்’ என்று அவர் எழுதியதை வாசிக்கும்போதும் அது பாடுகிற குரலாகவே எனக்குப் படும். தமிழ்ச் செய்யுளுக்கும் குரலுக்கும் உள்ள உறவை இந்தத் தீவுகளில் ஆரும் விளக்கத் தேவையில்லை. முஸ்லிம்களாகிய நாங்கள்தான் எங்கள் பங்கை வெளியே சொல்லாமல் இருக்கிறோம்.

ஒரு கசெற்

நான் அதிகம் கேட்பது ஒரு பழைய கசெற்றிலிருந்து கைப்பேசிக்கு மாற்றிய ஒலிப்பதிவு. பாடுபவர் என் உம்மம்மா. அவருக்குத் தமிழெழுத்து வாசிக்க வராது, அறபுத் தமிழ் வரும். அறபு எழுத்துக்களோடு, தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகச் சில குறிகள் சேர்த்துத் தமிழை எழுதும் முறை அது. குர்ஆன் ஓதப் படித்த பெண்கள், பள்ளிக்கூடம் போகாமலே தமிழ் நூல்களை வாசிக்க அது வழிசெய்தது. எங்கள் பெண்களின் தமிழறிவுக்கு அறபுத் தமிழ் செய்த உதவியை நாம் இன்னும் சரியாக அளந்து எழுதவில்லை.

யாழ்ப்பாணத்துச் சோனகதெருவில் இருந்தபோது அவரிடம் கையெழுத்துக் கொப்பிகள் இருந்தன. 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஒரு சில மணித்தியாலங்களுக்குள் வெளியேற்றப்பட்டபோது கொப்பிகள் வீட்டோடு போயின. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நாங்கள் புத்தளத்தில் இருந்த காலத்தில் ஒருநாள் உம்மா இரவல் றேடியோவில் வெற்றுக் கசெற்றைப் போட்டு, “நினைவில உள்ளதைப் படிங்க உம்மா” என்று கேட்டுப் பதிந்தது இது. பின்னால் கோழி கத்தும், சின்னப் பிள்ளையள் சண்டை பிடிக்கும்.

உம்மம்மா படிப்பது ரசூல் மாலை. காயல்பட்டணத்து ஸாம் ஷிஹாபுத்தீன் வலியுல்லாஹ் பாடியது. மாலை என்ற வகையில் இரண்டிரண்டு அடியாக, ஒரே ஓசையில், நீண்டு செல்லும் பாட்டுக்கள் பல உண்டு. பந்தி முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஓசை கைவந்தால் அடுத்த அடி தானாக நாவுக்கு வரும். நபிகளாரின் வாழ்வையும் ஒழுக்கத்தையும் எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் கொண்டுசேர்க்க ஆலிம்கள் இந்த வடிவத்தை ஏன் கையாண்டார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஒலிப்பதிவில் ஓரிடத்தில் உம்மம்மாவுக்குச் சொல் மறந்துவிடுகிறது. அவர் நிற்கவில்லை. சொல் இருந்த இடத்தை “ம்... ம்ம்” என்று முணுமுணுத்து நிரப்பிவிட்டு அடுத்த சீருக்குப் போகிறார். பிற்காலத்தில் அச்சுப்பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் மறந்த இடத்தில் ‘இறசூல்’ என்று இருந்தது. ஆனால் அவர் முணுமுணுத்த அளவுக்கு அது ஓர் அசை கூடுதல்.

இங்கே ஒரு சிறு இலக்கண விளக்கம் வேண்டும். ரகர றகரங்கள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. ஆதலால் ‘றசூல்’ என்பதைப் புலவர்களும் பதிப்பாளர்களும் முன்னே ஓர் இகரம் சேர்த்து ‘இறசூல்’ என்று எழுதுவதுண்டு. ‘றசூல்’ ஒரே நிரையசை. ‘இறசூல்’ என்றால் நிரையும் நேருமாக இரண்டு அசை. இலக்கணத்துக்காக எழுத்தில் ஏறிய இகரம் பாடுபவரின் நாவில் ஏறவில்லை. சொல்லை மறந்த ஒரு மூதாட்டி அச்சுப்பிரதிக்குப் பாடபேதம் காட்டித் தந்திருக்கிறார். சொல் போன பிறகும் ஓசை நின்று, போன சொல்லின் அளவைச் சொல்கிறது. கொப்பி போனது, செவி வந்தது என்று நான் இதைத்தான் சொல்வேன்.

ஒரு சந்தம், இரண்டு திருப்புகழ்

எங்கள் ஆசிரியர் அறையில் வட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. சுற்றறிக்கைக்கும் நேரசூசிக்கும் தொடங்கியது, இப்போது பாட்டுக்களும் வருகின்றன. இந்து ஆசிரியை ஒருவர் கார்த்திகை மாதத்தில் அருணகிரிநாதர் திருப்புகழ் ஒன்றை அனுப்பினார். நான் பதிலுக்குக் காயல்பட்டணத்துக் காசிம் புலவரின் திருப்புகழை அனுப்பினேன். கேட்டுவிட்டு வந்து, “ரீச்சர், இது எங்கட திருப்புகழ்ச் சந்தமெல்லோ! ஆரைப் பாடினது எண்டதுதான் வேற” என்றார். காசிம் புலவர் பாடியது நபிகள் நாயகத்தை.

சந்தம் என்றால் என்ன? அடியில் குறிலும் நெடிலும் வல்லினமும் மெல்லினமும் எந்த ஒழுங்கில் வரவேண்டும் என்ற கட்டளை. ‘தனதன தனதன தானா’ என்று குழிப்பை முதலில் வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வோர் ‘த’னாவுக்கும் ‘ன’னாவுக்கும் ஏற்பச் சொல்லை இட்டு நிரப்ப வேண்டும். தத்தகாரம் ‘தத்தன’ என்று மாறினால் அந்த இடத்தில் வல்லொற்று வந்தாக வேண்டும். கண்ணால் வாசித்தால் இந்தப் பாட்டுக்கள் கரடுமுரடான சொற்குவியலாகத் தோன்றும். காதால் கேட்டால் தாளம் தானே பிறக்கும்.

இப்படிப்பட்ட அச்சுக்குள் நபி, தீன், கலிமா, உம்மத்து முதலிய சொற்களை வார்த்தெடுத்தது சாதாரண வித்தை இல்லை. அறபுச் சொல்லின் நெடிலும் ஒற்றும் தமிழ்ச் சந்தத்தின் நெடிலிலும் ஒற்றிலும் சரியாக வந்து இருக்க வேண்டும். இஸ்லாமியத் தமிழில் அறபுச் சொல் அளவுக்கு மிஞ்சிக் கலந்துவிட்டது என்று குறை சொல்பவர்கள் காசிம் புலவரை ஒருமுறை காதால் கேட்கட்டும். நான் கேட்பதற்குக் காரணமும் அதுவே. உயர்தர வகுப்பில் யாப்புப் படிப்பிக்கப் போகுமுன் இதைக் கேட்டால் வாய்பாடு மறக்காது.

கண்ணியும் கூட்டுக் குரலும்

பாடசாலை முடிந்து திரும்பும் பஸ்ஸில் குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களைக் கேட்பேன். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து சென்னையில் அடங்கியவர். பராபரக் கண்ணி, எக்காலக் கண்ணி, றகுமான் கண்ணி என்று அவர் பாடியவற்றுள் கண்ணிகள் பல. பராபரக் கண்ணி என்ற பெயரிலேயே தாயுமானவருக்கும் ஒரு பாடற்றொகுதி இருக்கிறது. இருவரும் ஒரே கதவைத் தட்டியவர்கள் என்பது கேட்பவருக்கு உடனே விளங்கும்.

கண்ணி இரண்டடி. ஒரு மூச்சுக்கு ஒரு கண்ணி என்பது கிட்டத்தட்டச் சரியான அளவு. முடிவில் ஒரே விளி திரும்பத் திரும்ப வருவதால் ஒருவர் பாடச் சபை அந்த விளியை ஏற்கலாம். எழுதத் தெரியாதவரும் பாட்டில் பங்காளி ஆகிறார். இந்த ஏற்பை அச்சில் காணும்போது ‘கூறியது கூறல்’ போலத் தெரியும். கூட்டமாகக் கேட்டால் அதுதான் பாட்டின் உயிர்.

இது பழங்கதை இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுக்கொரு முறை, ஓரிரவு முழுக்க, குழு மாறி மாறி இன்றும் பாடுகிறார்கள். அதன் ஒலிப்பதிவு எனக்குக் கிடைத்தபோது குழுவில் இட்டேன். கத்தோலிக்க ஆசிரியர் ஒருவர், “எங்கட ஊரில பெரிய வியாழனுக்குப் பசான் படிக்கிற மாதிரிக் கிடக்கு” என்று எழுதினார். பசான் என்பது இயேசுவின் பாடுகளைச் சொல்லும் ஒப்பாரிப் பாடல். மார்க்கம் வேறு, பொருள் வேறு. ஆனால் இரவு விழித்து, குரல் மாற்றி, ஒரு நூலைப் பாடி முடிக்கும் பழக்கம் தமிழ்ச் சமூகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

சீறாவும் புராண படனமும்

யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களில் புராண படனம் நடக்கும். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார். எங்கள் முன்னோர் சீறாப்புராணத்தை அனுபவித்ததும் இதே முறையில்தான். உமறுப்புலவர் சீதக்காதி வள்ளலின் ஆதரவிலும், அவருக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவிலும் பாடிய காப்பியம் அது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டம், 5027 விருத்தம்.

பாவுக்கும் இராகத்துக்கும் முன்னோர் ஒரு பொருத்தம் வைத்திருந்தார்கள். வெண்பாவுக்குச் சங்கராபரணம், அகவலுக்குத் தோடி, கட்டளைக் கலித்துறைக்குப் பைரவி என்பது மரபு. விருத்தத்தில் பாடுபவருக்குச் சுதந்திரம் அதிகம். போர்ப் படலத்துக்கு ஒரு குரலும் துக்கத்துக்கு இன்னொரு குரலுமாக எடுப்பார். விருத்தத்தைப் பாடத் தொடங்கினாலே சொல்லைப் பிரிக்க வேண்டிய இடம் தெரியும். பிரித்தால் பொருள் தெரியும். தரம் பத்துப் பிள்ளைகளிடம் சீறாப் பாட்டைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் திக்குவார்கள். ஒருமுறை இராகத்தோடு கேட்கவைத்துவிட்டு வாசிக்கச் சொன்னால் பாதித் திக்கல் போய்விடும். வகுப்பறையில் நான் பலமுறை கண்டது இது.

ஹனிபாவின் உச்சரிப்பு

நாகூர் ஈ. எம். ஹனிபா (1925–2015) இல்லாமல் எங்கள் தலைமுறையின் செவிக்கு வரலாறு கிடையாது. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியில் அவர் குரல் வந்தால் வாப்பா சத்தத்தைக் கூட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர் முஸ்லிம் இல்லாவிட்டாலும் ஆரும் குறை சொன்னதில்லை.

முறைப்படி சங்கீதம் பயிலாதவர் அவர். அவரிடம் நான் தேடிக் கேட்பது சொல்லின் தெளிவை. எவ்வளவு உச்சத்துக்குப் போனாலும் லகரம் ளகரம் ழகரம் மூன்றும் தனித்தனியே நிற்கும், வாத்தியம் சொல்லை மூடாது. ஒலிபெருக்கியில் தூரத்திலிருந்து கேட்பவனுக்கும் ஒரு சொல் தப்பக்கூடாது என்பது கூட்டமேடைகளில் பாடிப் பழகியவரின் கணக்கு. திராவிட இயக்க மேடைகளிலும் மீலாத் மேடைகளிலும் ஒரே குரலில் பாடியவருக்கு அது இயல்பாக வந்திருக்கிறது. ழகரம் வராத பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் வீட்டுவேலை, ஹனிபாவின் பாட்டு ஒன்றைக் கேட்டு எழுதி வருவது. மதபேதம் பாராமல் எல்லாப் பிள்ளைகளும் செய்து வருகிறார்கள்.

“கேட்டாப் பாவமா ரீச்சர்?”

இந்தக் கேள்வியை நயினாதீவு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள். இதைத் தட்டிக்கழிப்பது சரியில்லை. நான் ஆலிமா அல்ல, தீர்ப்புச் சொல்வது என் வேலையும் அல்ல. ஆனால் ஒரு தமிழாசிரியை சொல்லக்கூடிய சில உண்மைகள் உண்டு.

இசைக்கருவிகளைப் பற்றி மார்க்க அறிஞரிடையே கடுமையான கருத்துக்கள் இருக்கின்றன. கருவியில்லாத குரற்பாட்டைப் பற்றி அவ்வளவு கடுமை இல்லை. பொருளும் சந்தர்ப்பமும் எப்படி என்பதையே பெரிதும் பார்த்தார்கள். பெருநாள் தினத்தில் ஆயிஷா நாயகி வீட்டில் சிறுமியர் பாடியதையும், அபூபக்கர் அவர்கள் தடுத்தபோது நபிகளார் விட்டுவிடச் சொன்னதையும் புகாரியில் காணலாம். இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் செவிமடுத்தலின் ஒழுக்கங்களுக்கென்றே தனி நூற்பகுதி ஒதுக்கி, யார், எதை, எந்த மனநிலையில் கேட்கிறார் என்பதை வைத்து விவரிக்கிறார். ஆக, “என்ன கேட்கிறாய், ஏன் கேட்கிறாய்?” என்பது எமது அறிவு மரபுக்கு அந்நியமான கேள்வி அல்ல.

மேலே நான் விவரித்தவற்றில் ஹனிபாவின் பாட்டுக்களைத் தவிர மற்றவற்றைக் கருவி இல்லாமலே பாடிவிடலாம். மாலைகளிலும் மவ்லிதுகளிலும் உள்ள சில கருத்துக்களை ஏற்காதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. ஏற்காத கருத்துள்ள நூலையும் இலக்கியமாகப் படிக்கலாம், பதிந்து வைக்கலாம். பிணக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் பாடத் தெரிந்த கடைசிக் கிழவியும் மௌத்தாகிவிடுவார். பிறகு பிணங்குவதற்கும் ஒன்றும் மிஞ்சாது. மாணவிக்கு நான் சொன்ன பதில்: “உங்கட உம்மம்மாக்குத் தெரிஞ்ச பாட்டை முதல்ல கேட்டுக்கொண்டு வாங்க. கேட்ட பிறகு நல்லதோ கெட்டதோ எண்டு ரெண்டு பேரும் இருந்து பேசுவம்.” அவள் பத்துக் கண்ணி அளவில் ஒரு தாலாட்டைக் கொண்டுவந்தாள். எந்தத் தொகுப்பிலும் நான் பார்க்காத தாலாட்டு.

செய்ய வேண்டியவை

பேராசிரியர் ம. மு. உவைஸ் போன்றோர் இஸ்லாமியத் தமிழ் நூல்களைத் தேடி வரிசைப்படுத்தித் தந்துவிட்டார்கள். கிழக்கிலங்கையில் எஸ். முத்துமீரான் முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களை ஊரூராகத் திரட்டினார். வடபுலத்து முஸ்லிம்களின் பாட்டுக்கு இன்னும் அப்படி ஒரு முயற்சி வேண்டும். எங்கள் சனம் புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு, யாழ்ப்பாணம் என்று சிதறி இருப்பதால் இதை ஓர் ஆய்வாளர் தனியே செய்ய முடியாது. வீட்டுக்கு ஒருவர் செய்யலாம். முறை இலேசானது.

முதலாவது, வயதானவரைப் “பாட்டுத் தெரியுமா?” என்று கேட்காதீர்கள். “தெரியாது மகள்” என்பார். “பிள்ளையத் தொட்டில்ல போட்டா என்ன படிப்பீங்க? கலியாண வீட்ல என்ன படிச்சவங்க?” என்று கேளுங்கள். பாட்டு சந்தர்ப்பத்தோடு கட்டுண்டது, சந்தர்ப்பத்தைச் சொன்னால் பாட்டு வரும்.

இரண்டாவது, பதியும்போது திருத்தாதீர்கள். மறதி, முணுமுணுப்பு, தடுமாற்றம் எல்லாம் இருக்கட்டும். அவற்றிலும் செய்தி உண்டு என்பதற்கு என் உம்மம்மாவே சாட்சி.

மூன்றாவது, ஆரிடம் பழகினார், எந்த ஊர், எந்த வயதில் என்று குரலிலேயே கேட்டுப் பதியுங்கள். ஒரு பாட்டு காயல்பட்டணத்திலிருந்து வந்ததா, கீழக்கரையிலிருந்து வந்ததா, இங்கேயே பிறந்ததா என்பதை அந்த மூன்று வரிதான் பின்னாளில் காட்டும்.

நான்காவது, கைப்பேசியில் பூட்டி வைக்காதீர்கள். கைப்பேசி பழுதானால் கொப்பி போன கதைதான். 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் போன்ற பொதுக் களஞ்சியங்களில், குடும்பத்தாரின் சம்மதத்தோடு, ஒரு பிரதி சேரட்டும். பெண்களின் குரல் வெளியே போவதை விரும்பாத குடும்பங்கள், ஆணோ சிறுபிள்ளையோ அதே மெட்டில் பாடிப் பதிந்து கொடுக்கலாம். மெட்டும் சொல்லும் தப்பினால் போதும்.

கடைசியாக, நீங்கள் கேட்பதை மற்றவருக்குச் சொல்லுங்கள். உங்கள் பாட்டை இந்து நண்பருக்கும் கிறிஸ்தவ நண்பருக்கும் அனுப்புங்கள், அவர்கள் அனுப்புவதையும் கேளுங்கள். “இது எங்கட சந்தமெல்லோ!” என்று எங்கள் ஆசிரியை சொன்ன ஒரு வசனம், வகுப்பறையில் நான் பல காலம் படிப்பித்தும் புரியவைக்க முடியாத ஒன்றைப் புரியவைத்தது. ஒரே தமிழோசையில் எங்களுக்கும் பங்குண்டு என்பதை நாங்கள் பாடிக் காட்டினால்தான் மற்றவர் அறிவார்கள். எங்கள் பிள்ளைகளும் அறிவார்கள்.